ஒன்பது நாள் பேத்தி

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். ஊர் திரும்பப் பத்து நாள் இருக்கையில், "அடுப்படியே கதின்னு இருக்கியேம்மா, கடலைப் பார்த்துட்டு வரலாம்" என்று மகளும் மாப்பிள்ளையும் அழைத்துப் போனார்கள்.

வட கரோலினா மாநிலத்தில் அவுட்டர் பேங்க்ஸ் என்ற இடம். கடலோரம் அரைஞாண் கயிறு மாதிரி நீண்டு கிடக்கும் மணல் தீவுகள். நல்ல காற்றும், விழுந்தால் அடிபடாத மணலும் தேடி ரைட் சகோதரர்கள் வந்தது இங்கேதான். 1903-ல் அவர்கள் முதன்முதலாகப் பறந்தது 12 விநாடி! ஹாட்டரஸ் கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கவே, 1999-ல் அப்படியே பெயர்த்து 2,900 அடி உள்ளே தள்ளி வைத்தார்களாம்.

ஆனால் என் மனசைப் பிசைந்தது பக்கத்து ரோனோக் தீவுதான். 1587-ல் அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களின் தலைவர் ஜான் வைட். மகள் வயிற்றுப் பேத்தி வர்ஜீனியா பிறந்து ஒன்பதே நாள். சாமான்கள் கொண்டுவர இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஸ்பெயினோடு சண்டை வந்து கப்பல் கிடைக்காமல், 1590-ல்தான் திரும்ப முடிந்தது. வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை! கம்பத்தில் 'க்ரோட்டோவான்' என்று பக்கத்துத் தீவின் பெயர் மட்டும் செதுக்கியிருந்தது. புயலால் அங்கே போய்த் தேடவும் முடியவில்லை. பேத்தியை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

என் மடியில் மூன்று மாதப் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அழறே? போன்ல தினம் முகம் பார்க்கலாமே" என்றாள் மகள்.

பார்க்கலாம்தான். மடியில் போட்டுக்கொள்ள முடியுமா, சொல்லுங்கள்!