நாட்பட்ட தேறல்

ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவது எளிது. அச்சொல் சுட்டும் பொருளின் மணத்தையும் சுவையையும் மாணவர் உள்ளத்தில் ஏற்றுவதே அரிது. குறிஞ்சிப் பூவைக் காணாமல் குறிஞ்சித் திணை நடத்துவதும், பனை நிழலில் ஒருநாளும் நில்லாத பிள்ளைகளுக்குப் பனம்பூ மாலையை விளக்குவதும் சிங்கப்பூர்த் தமிழாசிரியர்க்குப் பழகிப்போன பணிகள். அப்பணியை முப்பத்து நான்கு ஆண்டுகள் செய்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரே ஒரு சொல்லை மட்டும் வேண்டுமென்றே விரைந்து கடந்து வந்தார். அச்சொல் ‘தேறல்’.

புறநானூறு நடத்துவோர் அச்சொல்லைத் தவிர்க்க இயலாது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த மது பேசப்படுகிறது. ஔவையார் பாடிய 392ஆம் பாட்டில், நாட்பட்டுக் கடுமையேறிய தேறலுக்குத் தேளின் கொட்டு உவமையாகிறது. ஆசிரியர் கரும்பலகையில் ‘கள்ளின் தெளிவு’ என்று எழுதுவார்; அடுத்த அடிக்குச் சென்றுவிடுவார். ஒருமுறை பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அது எப்படி மணக்கும்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. “தேர்வுக்கு அது வராது. உட்கார்” என்றார் ஆசிரியர். அவன் உட்கார்ந்தான். கேள்வி மட்டும் உட்காரவில்லை.

அவர் அவ்வாறு கடிந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் தந்தை துறைமுகத்தில் மூட்டை சுமந்த நாட்கூலி. மாலையில் கூலி கைக்கு வந்ததும் கால்கள் கள்ளுக்கடையை நோக்கியே நடக்கும். இரவில் வீடு திரும்பும் சட்டையில் புளித்த தென்னங்கள்ளின் வாடை வீசும். அச்சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் தாய் வாய் திறவாமல் அழுவார். தந்தை நாற்பத்தாறாம் வயதில் இறந்தார். அன்றிரவே, ‘இதைத் தொடமாட்டேன்’ என்று பன்னிரண்டு வயது மகன் தாயின் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அதன்பின் ‘தேறல்’ என்னும் சொல்லைக் காணுந்தோறும் அவருக்குப் பாண்டியன் நினைவுக்கு வருவதில்லை; அந்தச் சட்டையே நினைவுக்கு வந்தது.

இது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமன்று. 1932ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் கள்ளுண்ணாமையைத் தன் முதன்மைக் கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டது. அதன் தூணாக விளங்கிய கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’, தொழிலாளரின் கூலி கள்ளுக்கடையில் கரைவதை எடுத்துரைத்தது. பல பத்தாண்டுகள் கழித்து, 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் ஒரு தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறக்க, அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. விசாரணைக் குழு சுட்டிய காரணங்களுள் மதுவும் ஒன்று. 2015 ஏப்ரல் முதல், இரவு 10.30 மணிக்குப் பின் பொது இடங்களில் மது அருந்துவது நாடெங்கும் தடுக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு மேலும் இறுகியது. அந்நாள்களில் செய்தித்தாளை விரிக்கும்போதெல்லாம், தம் தந்தையின் பெயர் அதில் அச்சாகியிருப்பது போன்ற கூச்சம் ஆசிரியர்க்கு உண்டாயிற்று.

ஓய்வுக்குப் பின் அவர் தேக்கா அருகே வாரம் ஒருநாள் இலக்கிய வகுப்பு நடத்தி வந்தார். ஒரு மாலை வகுப்பு முடிந்து சிராங்கூன் சாலைக்கு வந்தபோது, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கைகூப்பினார். பின்வரிசை மாணவனேதான். மரீனா பகுதியில் ஒரு விடுதியின் மது அறைக்கு அவர் இப்போது பொறுப்பாளர். அதைச் சொல்லும்போது அவர் தலை சற்றே தாழ்ந்தது. பின்னர், “ஐயா, அடுத்த வாரம் மிகப் பழைய கலிபோர்னியா மதுப்புட்டிகள் சில திறக்கப்படுகின்றன. உங்களைக் குடிக்க அழைக்கவில்லை. முகர்ந்து பார்க்க அழைக்கிறேன். அன்று நான் கேட்ட கேள்வி இன்னும் இருக்கிறது” என்றார். ஆசிரியர் இரண்டு நாள் எண்ணிப் பார்த்தார். சொல்லுக்குக் கடன்பட்டவர் ஆசிரியர், கேட்டவனுக்கும் கடன்பட்டவர். மூன்றாம் நாள் ‘வருகிறேன்’ என்று சொல்லியனுப்பினார்.

வெளியே முப்பது பாகை வெயில். மது அறைக்குள்ளோ பதின்மூன்று பாகைக் குளிர். விளக்கு மங்கலாக இருந்தது. தக்கை உலராதபடி புட்டிகள் கிடைநிலையில் கிடந்தன. வெப்பமும் ஒளியும் அதிர்வும் பழைய மதுவுக்குப் பகை என்று மாணவர் விளக்கினார். ஒரு விருந்தினர் தம் சேமிப்பிலிருந்து கொணர்ந்த இரு புட்டிகள் மேசைமீது இருந்தன. அவற்றுள் ஒன்று, நாப்பா பள்ளத்தாக்கின் இங்கிள்நுக் நிலவறையில் 1960களில் அடைக்கப்பட்டது.

அந்நிலவறைக்கு ஒரு கதை உண்டு. பின்லாந்தில் பிறந்த கப்பல் தலைவர் குஸ்தாவ் நீபாம், அலாஸ்காவின் மென்மயிர்த் தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு 1879இல் அத்தோட்டத்தை நிறுவினார். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடப்பிலிருந்தபோது அங்கே மது வடிக்கும் தொழில் நின்றது. விலக்கு நீங்கியபின் குடும்பத்தார் மீண்டும் தொடங்கினர். 1941ஆம் ஆண்டின் அறுவடையில் அவர்கள் ஆக்கிய மதுவை இன்றும் அறிஞர் போற்றுவர். பின்னர் உரிமை பல கைகள் மாறிற்று. திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் போர்டு கொப்போலா 1975இல் தோட்டத்தின் ஒரு பகுதியை வாங்கி, 2011இல் பழைய பெயரையும் மீட்டார். கொடி வாடிய காலமும் சட்டம் தடுத்த காலமும் உண்டு. ஆயினும் நிலமும் நிலவறையும் அங்கேயே இருந்தன.

முதலில் திறக்கப்பட்டது வேறொரு தோட்டத்துப் புட்டி. தக்கை நொறுங்கி உதிர்ந்தது. கிண்ணத்திலிருந்து எழுந்த நெடி மூக்கில் ஏறியதும் ஆசிரியர் கை நடுங்கிற்று. காற்று புகுந்து மது காடியாகிவிட்டிருந்தது. அறுபது ஆண்டுகளையும் கடல்களையும் கடந்து வந்த அந்தப் புட்டியில் தந்தையின் சட்டை இருந்தது! அவர் எழுந்து சென்றிருப்பார். “இது கெட்டுவிட்டது ஐயா. பழையதெல்லாம் நல்லதாகாது. பெரும்பாலான மது சில ஆண்டுகளுக்குள் அருந்தவே ஆக்கப்படுகிறது. காத்திருக்கத் தகுந்தவை மிகச் சில” என்று மாணவர் மெல்லக் கூறியதால் அமர்ந்திருந்தார்.

இரண்டாவது புட்டியை மாணவர் தாயொருத்தி குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தார். அடியில் வண்டல் தங்கியிருந்தது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றோடொன்று பிணைந்து கனத்து அடியில் படியும், கடுமை தணியும், ஊதா கலந்த செந்நிறம் செங்கல் நிறமாகும். வண்டல் கலங்காமல் தெளிவை மட்டும் வேறு கலத்தில் மெதுவாக ஊற்றினார். ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். தெளிந்தது தேறல், தெளிதலே தேறுதல். ‘கள்ளின் தெளிவு’ என்று தாம் எழுதிய இரண்டு சொற்கள் கண்ணெதிரே ஒழுகிக்கொண்டிருந்தன.

மாணவர் ஒரு துளி சுவைத்து, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினார். “தமிழில் சொல்ல வரவில்லை ஐயா.”

“நாக்கு எதை உணர்கிறது என்று மட்டும் சொல். சொல்லை நான் தேடித் தருகிறேன்” என்றார் ஆசிரியர்.

“வாயின் உட்பக்கம் இறுகுகிறது. கசப்பன்று.”

“துவர்ப்பு. கடுக்காயா, நாவற்பழமா?”

“நாவற்பழம்! காய்ந்த நாவற்பழம். பிறகு... மழை பெய்த மறுநாள் தோட்டத்தில் கிடக்கும் இலை.”

“சருகு. மட்கத் தொடங்கிய சருகு.”

அறுசுவையுள் துவர்ப்புக்குத் தனி இடம் தந்த மொழிக்கு அன்று வேலை கிடைத்தது. ஒருவர் நாவும் ஒருவர் சொல்லுமாக அரைமணி நேரம் கழிந்தது. ஆசிரியர் கிண்ணத்தை ஏந்தி முகர்ந்தார்; பழைய ஏட்டுக்கட்டு ஒன்றை அவிழ்த்தாற்போன்ற மணம். அதை உதட்டில் வைக்காமல் திரும்பக் கொடுத்தார். தாய்க்குக் கொடுத்த சொல் அது, மாணவர் வற்புறுத்தவில்லை.

திரும்பும் வழியில், பெருவிரைவு ரயிலில் ஒரு வினா அவரைத் தொடர்ந்து வந்தது. தந்தையின் கள் ஏன் அப்படி நாறியது? தென்னம்பாளையில் சொட்டும்போதே கள் புளிக்கத் தொடங்குகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீராக நிற்கும். தடவாவிடில் மறுநாளே காடியாகிவிடும். அது காத்திருக்காது. நாட்கூலியும் காத்திருக்க இயலாதவன். அன்றைய வலியை அன்றே மறக்கத் தேடியவனுக்கு அன்றைய கள்ளே கிடைத்தது. அறுபது ஆண்டுகள் காத்திருக்க நிலமும் நிலவறையும் வேண்டும். பசியில்லாத வயிறும் வேண்டும்.

அப்படியானால் முதிர்ந்த மது செல்வர்க்கு மட்டுமே உரியதா? அன்று என்றே எண்ணி வந்தவர்க்குக் கபிலர் நினைவுக்கு வந்தார். புறநானூற்று 120ஆம் பாட்டில், பாரியின் நாட்டில் மண்ணில் புதைத்து முதிரவைத்த தேறல் வருகிறது. அது அரண்மனையில் அன்று, புல்வேய்ந்த குடில்தோறும் வழங்கப்பட்டது. அக்குடியினர் எளியவர், ஆயினும் புதைத்துவைக்கச் சொந்த மண் அவர்களுக்கு இருந்தது. கடல் கடந்து வந்து மூட்டை சுமந்தவனுக்கு ஒரு சாடி புதைக்கும் அளவு மண்ணும் இல்லை. ஆசிரியர் தந்தையை மன்னித்தார் என்று சொல்வதற்கில்லை. முதன்முறையாக அவரைப் பற்றி ஒரு வினா கேட்டார் என்பதே உண்மை.

அடுத்த வகுப்பில் அவர் 56ஆம் பாட்டை எடுத்தார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடற்பகுதியின் சாடித் துண்டுகள் கிடைத்ததைச் சொன்னார். முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவரின் பயணக் குறிப்பு, முசிறியில் இறங்கிய பொருள்களுள் திராட்சை மதுவையும் சிறிதளவு எனக் குறித்திருப்பதைச் சொன்னார். நாவற்பழத் துவர்ப்பையும் சருகு மணத்தையும் சொன்னார்.

ஒரு மாணவி எழுந்து, “வள்ளுவர் கள்ளுண்ணாமை பாடினார், ஔவையார் தேறலைப் பாடினார். எது சரி ஐயா?” என்று கேட்டாள்.

“உட்கார்” என்று அவர் சொல்லவில்லை. தாமே நாற்காலியில் அமர்ந்தார். “இரண்டையும் படி, அம்மா. ஔவை பாடியது பகிர்ந்து உண்ட அவையை. வள்ளுவர் கண்டது அதனால் அழிந்த வீட்டை. இரண்டாவது வீட்டில் நான் வளர்ந்தேன்” என்றார். பிறகு துறைமுகத்தையும், கள்ளுக்கடையையும், தாய் துவைத்த சட்டையையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். வகுப்பு முடியும் மணி ஒலித்த பின்னும் எவரும் எழவில்லை.