பொம்மைச் செங்கல்லில் ஒரு தாஜ்மகால்

சின்னாளப்பட்டியிலிருந்து கடல் கடந்து போய்ப் பொம்மைக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்தோம் என்றால் நேயர்கள் சிரிக்கக்கூடும். எங்கள் தெருவாரும் சிரிக்கத்தான் செய்தார்கள். "பொம்மை பார்க்க வேண்டுமானால் மதுரைக்குப் பக்கத்திலே விளாச்சேரி இருக்கிறதே! அதற்கு ஆகாய விமானம் எதற்கு?" என்று கேட்டார் அடுத்த வீட்டுப் பெரியவர். நியாயமான கேள்வி. ஆனால் வீட்டுக் குழந்தைகள் இருவர் ஒரு வருஷமாக "லெகோ, லெகோ" என்று ஜபம் செய்துகொண்டிருக்கும்போது நியாயத்துக்கு எங்கே இடம்?

திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கிருந்து பாலத்தைக் கடந்தால் மலேசியாவின் ஜொகூர் மாநிலம். அங்கேதான் 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் லெகோலாண்ட் என்னும் விளையாட்டுப் பூங்காவைத் திறந்தார்கள். ஆசியாக் கண்டத்தில் இவ்வகையில் இதுவே முதலாவது. அதன் நடுவிலுள்ள மினிலாண்ட் என்ற பகுதியே எங்கள் யாத்திரையின் லட்சியம்.

உள்ளே நுழைந்ததும் எங்கள் பேச்சு நின்றுவிட்டது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம், சீன நாட்டு அரண்மனை, காம்போஜத்தின் அங்கோர்வாட், சிங்கப்பூர்த் துறைமுகம் ஆகிய எல்லாம் விரல் நுனியில் அடங்கும் பிளாஸ்டிக் செங்கற்களால் எழுந்து நிற்கின்றன. மூன்று கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். வெயிலையும் மழையையும் தாங்குவதற்காக அவற்றை ஒட்டியிருக்கிறார்கள். பெரிய கட்டடங்களின் வயிற்றுக்குள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறதாம். வீதிகளில் கட்டைவிரல் அளவு மனிதர்கள் நடக்கிறார்கள். நாங்கள் குனிந்து பார்த்தபோது விசுவரூபம் எடுத்தவர்களைப் போன்ற ஒரு கர்வம் எங்களுக்கு உண்டாயிற்று. கழுத்து வலித்ததும் கர்வம் போய்விட்டது.

தாஜ்மகாலுக்கு எதிரே வெகுநேரம் நின்றோம். ஆக்ராவில் உள்ள உண்மையான தாஜைக் காணும்போது கண் பளிங்கில் வழுக்கிக்கொண்டே போகும். எந்தக் கல் எங்கே முடிகிறது என்று நினைக்கத் தோன்றாது. இங்கே அப்படியில்லை. வளைந்த கோபுரத்தைக் கூர்ந்து பார்த்தால் அதில் வளைவே கிடையாது. படிப்படியாக உள்வாங்கும் சதுரக் கட்டிகளே தூரத்தில் வளைவாகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு இணைப்பும் வெளியே தெரிகிறது. இவ்வளவு பெரிய காரியம் இவ்வளவு சிறிய துண்டுகளால் ஆயிற்று என்பதை இந்தப் பொம்மை ஒளிக்கவில்லை. எங்களை அங்கே நிறுத்தி வைத்தது அதுதான்.

இந்தச் செங்கல்லின் பூர்வோத்தரமும் சுவையானது. டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்றொரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் இருந்தார். உலகமெங்கும் வியாபாரம் மந்தமடைந்திருந்த 1932-இல், வீடு கட்டுவோர் குறைந்து போகவே, மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி 'லெகோ' என்று பெயரிட்டார். ஒரு தடவை அவருடைய மகன், மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் பூசுவதற்குப் பதிலாக இரண்டே பூசி அனுப்பிவிட்டு, செலவை மிச்சப்படுத்தினேன் என்று பெருமையோடு வந்து சொன்னானாம். தந்தை அவனை ரயில் நிலையத்துக்கு அனுப்பிப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் செய்து, இரவோடு இரவாக மூன்றாவது பூச்சையும் பூச வைத்தார்!

இன்றைய வடிவிலுள்ள பிளாஸ்டிக் செங்கல்லுக்கு 1958-இல் உரிமம் கோரினார்கள். அன்று செய்த செங்கல்லின் மேல் இன்று செய்த செங்கல் சரியாகப் பொருந்தும். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறச் செங்கற்கள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம் என்று கணித சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதற்குள் பையனுக்கு வேறொரு கவலை பிடித்துவிட்டது. "மாமா, நம்ம தஞ்சாவூர்ப் பெரிய கோயில் எங்கே?" என்றான். தேடினோம், எங்கள் கண்ணுக்கு அகப்படவில்லை.

"போகட்டும், இந்தத் தாஜ்மகாலைக் கட்டினது யார்?"

"ஷாஜகான்."

"அதைக் கேட்கவில்லை, மாமா. இந்தப் பொம்மையைக் கட்டினது யார்?"

சுற்றும் முற்றும் பார்த்தோம். எங்கள் கண்ணில் எந்தப் பெயரும் படவில்லை. ஆக்ராவில் 1632 முதல் சுமார் இருபது வருஷம் உழைத்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கதியும் ஏறக்குறைய இதேதான். வாயிலில் எங்களோடு தமிழில் பேசிய மலேசிய நண்பரின் பாட்டனார் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவராம். மலாய் நாட்டுக்கு ரயில் பாதையும் சாலையும் போட்ட தமிழர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

அங்கே காணக் கிடைக்காத தஞ்சைக் கோயிலை அப்போது நினைத்துக்கொண்டோம். 1010-இல் நிறைவேறிய அக்கோயிலின் விமானம் சுமார் 216 அடி உயரம். அதைவிட உயர்ந்த ஒரு செயலை ராஜராஜ சோழன் செய்திருக்கிறான். குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சரின் பெயரைக் கல்லிலே வெட்டி வைத்தான். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருடைய பெயர்களும் அங்கே உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நாம் அவற்றைப் படிக்கிறோம்.

ஊர் திரும்பினோம். சிறுமலை அடிவாரம், காந்திகிராமம், தறிச் சத்தம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. மறுநாள் தெருக்கோடி வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி, இறுக்கி, அடுத்த புள்ளிக்கு நகர்வாள். சாயம் தோய்த்து உலர்த்தி நூலை உருவினால், முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாகச் சிரிக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். மெழுகு அச்சு வந்த பிறகு கையால் முடிச்சிடுவோர் அருகிவிட்டார்கள்.

தினம் அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகும் எங்கள் சிறுமி அன்றுதான் முதன்முதலாக நின்று பார்த்தாள்.

"பாட்டி, இதுவும் லெகோ மாதிரிதானே? ஒவ்வொன்றாக வைத்துத்தானே பெரிசாகிறது?"

பாட்டிக்கு லெகோ என்னவென்று புரியவில்லை. "ஒண்ணு தப்பினாலும் கோலம் கெட்டுப் போகும், கண்ணு" என்றாள். பில்லுண்ட் தச்சர் தம் மகனுக்கு வைத்த பாடமும் அதுவேயல்லவா?

கையால் செய்து கற்பதே கல்வி என்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் எடுத்துரைத்தார். அந்த வழியில் 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியது எங்கள் ஊருக்குப் பக்கத்திலேதான். கடல் கடந்து போய்ப் பொம்மைச் செங்கல்லிடம் அதே பாடத்தைக் கேட்டு வந்ததில் எங்களுக்குச் சிறிது வெட்கம் உண்டு. ஆயினும் விமானச் செலவு வீண் போகவில்லை.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை கைமுடிச்சுச் சுங்குடி வாங்கும்போது விலையோடு முடிச்சிட்ட கையின் பெயரையும் கேளுங்கள். கடைக்காரர் முதலில் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் எழுதி வைக்கத் தொடங்குவார். எங்கள் சிறுமி அன்றே பாட்டியிடம் பெயரைக் கேட்டுத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.