மரிக்கொழுந்தின் ஒன்றுவிட்ட சகோதரி

அமெரிக்காவில் வயோமிங் பக்கம் போனால், கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் பூத்த புதர்தான். ‘என்னடா இது, பொட்டல் காடு!’ என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினால் கமகமவென்று வாசனை! ‘சேஜ்பிரஷ்’ என்ற இந்தச் செடி, நம் கதம்பத்து மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

இதை நம்பியே வாழ்கிறது ‘சேஜ் கிரவுஸ்’ என்கிற காட்டுக்கோழி. பனிக்காலம் முழுக்க இந்த இலைதான் சாப்பாடு. வசந்தம் வந்தால், விடியற்காலையில் சேவல்கள் திறந்த வெளியில் கூடி, மார்பிலுள்ள மஞ்சள் பைகளை உப்பிக்கொண்டு ஆடும். ஆட்டத்தோடு சரி! அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் தாய் தலையில்தான். (நமக்குப் புதுசா என்ன!) பச்சைக் குஞ்சுகளுக்கு இலை ஒத்துவராது, பூச்சிதான் வேண்டும். அதற்காக ஈரமுள்ள புல்வெளி தேடி நடத்திக் கூட்டிப் போவாள்.

இங்கே ஏராளமான நிலம் அரசாங்கத்துடையது. அதிலேயே மாடும் மேய வேண்டும், எண்ணெயும் எடுக்க வேண்டும். அதனால் ஆடுகளங்களை எண்ணி, எது முதலில் காக்க வேண்டிய இடம், எது அடுத்தது என்று வரைபடம் போட்டார்கள். வயோமிங் 2008-லேயே இறங்கியது. 2015-ல் மேற்கு மாநிலங்களின் மத்திய அரசு நிலங்களுக்கும் வந்தது. ஆடுகளத்தைச் சுற்றி மட்டும் கோடு போட்டால் போதுமா? தாய்க்கோழி சில மைல் தள்ளிக்கூட முட்டையிடுகிறாளே! என்னைக் கேட்டால், அவள் நடக்கிற வழியெல்லாம் வரைபடத்தில் ஏற வேண்டும்.

பெரிய எமன் தீ. வெளியிலிருந்து வந்த ‘சீட்கிராஸ்’ புல் சீக்கிரமே காய்ந்து பற்றிக்கொள்கிறது. எரிந்த சேஜ்பிரஷ் வேரிலிருந்து துளிர்ப்பதில்லை. விதை விழுந்து மறுபடி புதராகப் பல பத்தாண்டுகள் ஆகும்.