வந்து சேர்ந்த நிலா

சனியின் நிலாக்கள் என்றால் டைட்டன் பெயர்தான் முதலில் வரும். ஃபீபியை நினைப்பவர்கள் குறைவு. குறுக்களவு ஏறத்தாழ 213 கிலோமீட்டர், உடம்பெல்லாம் குழி, விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பித் தராத கறுப்பு. சனியிலிருந்து சுமார் 1 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு சுற்றுக்கு ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொள்கிறது. சுற்றுவதும் எதிர்த்திசையில்.

1898 ஆகஸ்டில், பெரு நாட்டின் அரெக்கிப்பாவில் எடுத்த ஒளிப்படத் தட்டுகளில் அது சிக்கியது. மறு ஆண்டு அவற்றை ஆராய்ந்து, அது நிலா என்று கண்டவர் வில்லியம் ஹென்றி பிக்கரிங். ஒளிப்படத்தின் வழியே கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிலா இதுதான். தட்டுகளை எடுத்த டிலைல் ஸ்டூவர்ட்டை இன்று யாருக்குத் தெரியும்? பாடு ஒருவருக்கு, பேர் ஒருவருக்கு!

சனியோடு உருவான நிலாக்கள் பெரும்பாலும் அதன் நடுக்கோட்டை ஒட்டி, அது சுழலும் திசையிலேயே சுற்றுகின்றன. ஃபீபி அப்படியில்லை. எங்கிருந்தோ வந்து பிடிபட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிடிபடுவதும் லேசில்லை. கோளை நோக்கிப் பாயும் பாறை, அந்தப் பாய்ச்சலின் வேகத்திலேயே அப்பால் தப்பிவிடும். வழியில் வேகம் குறைந்தால்தான் தங்கும். இளம் சனியைச் சூழ்ந்திருந்த வாயுவோ, குறுக்கே வந்த வேறொரு பொருளோ அந்த வேகத்தைப் பறித்திருக்கலாம். 2004 ஜூன் 11 அன்று காசினி விண்கலம் அருகே கடந்தபோது, ஃபீபியில் உறைந்த கரியமில வாயு தென்பட்டது. சூரியக் குடும்பத்தின் வெளிக்கோடியில் பிறந்தது என்ற ஊகத்துக்கு அது வலுச் சேர்த்தது.

ஆனால் ஃபீபியின் உண்மையான கைவரிசை வேறிடத்தில் இருக்கிறது.

அந்த விண்கலத்துக்குப் பெயர் தந்த ஜொவானி காசினி, 1671இல் இயபெட்டஸ் என்ற நிலாவைக் கண்டார். சனிக்கு மேற்கே வரும்போது தெரிந்த அது, கிழக்கே போனதும் காணாமல் போனது. ஒரு முகம் வெளுப்பு, மறுமுகம் கறுப்பு என்று ஊகித்தார். சரியான ஊகம். கிழக்கே அதை மங்கலாகவேனும் பார்க்க அவருக்கு 1705 ஆகிவிட்டது.

கறுப்பு எங்கிருந்து வந்தது? 2009இல் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி, ஃபீபியின் பாதையை ஒட்டி பிரம்மாண்டமான தூசி வளையம் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. சிறு விண்கற்கள் மோத மோத ஃபீபியிலிருந்து கிளம்பும் தூசி அது. மெல்ல உள்நோக்கி இறங்குகிறது. எதிர்த்திசையில் வருவதால், மழையில் பைக் ஓட்டுபவரின் முன்பக்கம் நனைவதுபோல, இயபெட்டஸின் முன்முகத்திலேயே அறைந்து படிகிறது. கறுத்த இடம் வெயிலைக் கூடுதலாக உறிஞ்ச, அங்குள்ள பனி ஆவியாகி, குளிர்ந்த வெள்ளைப் பகுதிகளில் போய் உறைகிறது. கறுப்பு இன்னும் கறுக்கிறது. தன்னைவிட ஏழு மடங்கு அகலமான நிலாவுக்கு ஃபீபி கரி பூசிய கதை இது.

2025 மார்ச்சில் மேலும் 128 நிலாக்கள் ஏற்கப்பட்டு, சனியின் கணக்கு 274 ஆனது. புதியவை எல்லாம் சில கிலோமீட்டர் அகலமே உள்ள பொடிகள். முன்பு பிடிபட்ட பாறைகள் மோதி உடைந்த சில்லுகளாக இருக்கலாம். தலையெண்ணிப் பார்த்தால், சனியின் குடும்பத்தில் கூடப்பிறந்தவற்றைவிட வந்து சேர்ந்தவையே பல மடங்கு அதிகம்.