கண்டாலா வழியாகத் துருவத்துக்கு

வெளியே விடாத மழை. பெட்டிக்குள் கம்பளிக் கோட்டு, குல்லாய், கையுறை. ஜூலையில் புனேயிலிருந்து வட துருவக் கப்பல் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்களின் முதல் நாள் இப்படித்தான் விடிகிறது. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் கப்பல்கள் உலவும் கோடையில்தான் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டுகிறது.

பனிக்கரடி பயமெல்லாம் அப்புறம். முதல் கண்டம் கண்டாலா மலைப்பாதை. மும்பையில் விமானம் பிடிக்கப் பெரும்பாலோர் நம்புவது, 2002ல் முழுமையாகத் திறக்கப்பட்ட விரைவுச் சாலையைத்தான். 2015 ஜூலையிலும் 2023 ஜூலையிலும் அதோஷி சுரங்கம் அருகே மலை சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. லாங்இயர்பியன் துறைமுகத்தில் கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. விவரம் தெரிந்தவர்கள் முந்தைய நாளே மும்பை போய்விடுகிறார்கள். ஒரு ராத்திரி ஓட்டல் செலவு தண்டம் என்று முணுமுணுப்பவர்கள் கப்பல் கட்டணத்தை ஒருதரம் நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது விசா. நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. தீவுகளுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் ஆஸ்லோ வழியாகப் போகிறவர்கள் ஷெங்கனை விட்டு வெளியேறி, திரும்பும்போது மறுபடி நுழைகிறார்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா வைத்திருப்பவர் வசமாக மாட்டிக்கொள்வார். இதையெல்லாம் பார்க்க வேண்டிய இடம் ஆஸ்லோ அல்ல, புனே வீட்டுச் சாப்பாட்டு மேஜை.

லாங்இயர்பியனில் ஏப்ரல் பின்பாதி முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதில்லை. இங்கே பகலிலேயே அதைக் காணோம். காரில் வைப்பர் ஓயாமல் ஓட, லோனாவலா வருகிறது. கப்பலுக்கு இரண்டு பாக்கெட் சிக்கி வாங்கலாமா என்று பின்சீட்டில் பேச்சு.