புறங்கைச் சூடு

“மூடிய மெதுவா எடு மக்ளே. கைய உள்ள விட்டுராத. சாக்குக்கு மேல புறங்கைய வச்சுப் பாரு.”

தேனீ வளர்ப்புப் படிக்கப் போன அன்று மாமா எனக்குச் சொன்ன முதல் பாடம் இது. அவர் அப்பாவின் சிநேகிதர். சின்ன வயதிலிருந்தே எனக்கு மாமா. குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்து ஓரமாக இருபது பெட்டி வைத்திருக்கிறார். கார்த்திகை முடிகிற சமயம். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. மாமா துவர்த்துத் துண்டைத் தலையில் சுற்றிக் காதை மூடியிருந்தார். நான்கு குளிர்காலம் டெல்லியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த எனக்கு அது குளிராகவே தெரியவில்லை.

முதல் பெட்டியில் கை வைத்தேன். சாக்கு சில்லென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் புறங்கையில் லேசான கதகதப்பு, தூங்கும் குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல.

“இந்தப் பெட்டிக்குக் குளிரு இல்ல. முத ரெண்டுக்கும் குளிரு. ஒரே தோட்டம், ஒரே காத்து. ஏன்னு யோசிச்சு வை” என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை எனக்குப் பிடிபட இரண்டு மார்கழி ஆனது.

எங்கள் வீட்டில் குளிர்காலம் வந்தால் ஒப்பீடும் வந்துவிடும். தம்பி டொரொண்டோவில் படிக்கிறான். “இங்க இன்னைக்கு மைனஸ் 15, அக்கா” என்பான். டெல்லியில் 5 டிகிரியில் தண்ணீர்க் குழாயைத் தொட்ட கதையை நான் சொல்வேன். அப்பாவோ விடியற்காலையில் கருப்பட்டிக் காப்பியைக் கையில் பொத்திக்கொண்டு, “இந்த வருசம் பனி கொஞ்சம் கூடுதல்தான்” என்பார். கடல் சூழ்ந்த இந்த முனையில் தை மாதத்து ராத்திரியிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். சமவெளியில் குளிர் அலை என்று வானிலைத் துறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்க வேண்டும். அந்தக் கணக்கில் எங்கள் ஊருக்குக் குளிர்காலமே கிடையாது. டிகிரியை வைத்துப் பார்த்தால் அப்பா தோற்றுவிடுவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு ஒரு தேனீக் கூட்டத்தைப் பாதித்தது. முதல் மார்கழியில், மாமா மார்த்தாண்டம் போயிருந்த ஒரு நாள், காலை ஏழு மணிக்கே ஒரு பெட்டியைத் திறந்தேன். அடிப்பலகையில் சேர்ந்திருந்த மெழுகுத் தூளைச் சுத்தம் செய்யலாம் என்று தேனீப் புழு இருக்கிற மூன்று சட்டங்களை வெளியே எடுத்து மரத்தில் சாய்த்து வைத்தேன். மெல்லிய காற்றுதான். வேலை முடித்துத் திரும்ப வைக்க வெகு நேரம் ஆகிவிட்டது. இரண்டாம் நாள் பார்த்தால், தேனீக்கள் செத்த புழுக்களை ஒவ்வொன்றாக இழுத்துவந்து வாசலில் போட்டுக்கொண்டிருந்தன.

மாமா திட்டவில்லை. குனிந்து ஒரு புழுவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “உனக்கு 22 டிகிரி சொகம். இதுக்கு 34, 35 வேணும். ரொம்ப நேரம் கொறஞ்சா பிள்ளை தங்காது.”

பிறகுதான் உட்கார வைத்து விளக்கினார். தேனீயின் புழு வளரும் அடையைச் சுற்றி எப்போதும் 34, 35 டிகிரிச் சூடு இருக்கும். வெளியே மார்கழியா சித்திரையா என்பது அடைக்குத் தெரியாது. சிறகை அசைக்காமல், பறக்கிற தசையை மட்டும் நடுங்கவிட்டுத் தேனீக்கள் அந்தச் சூட்டை உண்டாக்குகின்றன. அந்த நடுக்கத்துக்கு விறகு தேன். மழை நாளில் வெளியே போக முடியாது, தேன் வராது. ஆனால் விறகு எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊர்த் தேனீக்கு ஆபத்து இந்த ஈரமும் பசியும்தான். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே குளிர்காலம் காற்றாகவும் மழையாகவும்தான் வந்து நிற்கும்.

அதனால் மார்கழி வேலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். புழுச் சட்டத்தைப் பார்த்ததும் திரும்ப இறக்கிவிட வேண்டும். பெட்டியின் வாசல் கிழக்கே பார்த்திருக்க வேண்டும்; காலை வெயில் முதலில் அங்கே விழும். வாசல் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்காது. சீனியும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகை அந்தி சாய்ந்த பிறகே வைக்க வேண்டும். பகலில் வைத்தால் வாசனைக்குப் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கூட்டத்துக்குத் தக்கபடி வீட்டைச் சுருக்குவது. எங்களுடையது நியூட்டன் பெட்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் பாதிரியார் நம் ஊர் இந்தியத் தேனீயின் அளவுக்கு அமைத்தது; கீழ் அறையில் ஏழு சட்டம். இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்த 1920களில், மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹேட்ச் தொடங்கிய கிராமச் சீரமைப்பு வேலையில் தேனீ வளர்ப்பும் ஒன்று. அதிலிருந்து வீடு வீடாகப் பரவிய தொழில் இது. கூட்டம் நான்கு அடைக்குத்தான் இருக்கிறது என்றால் மற்ற மூன்றையும் எடுத்துவிட்டுத் தடுப்புப் பலகை வைக்க வேண்டும். ஆளில்லாத அடையில் குளிர் குடியேறும், பின்னாலேயே மெழுகுப் பூச்சியும் வரும். முதல் நாள் நான் தொட்ட இரண்டு பெட்டிகளும் அப்படித்தான் இருந்தன: சின்னக் கூட்டம், பெரிய வீடு.

இது புரிந்த அன்று டெல்லி நினைவுக்கு வந்தது. நான் இருந்தது கல் பாவிய தரையும் உயர்ந்த கூரையுமாக, வெயிலுக்கென்றே கட்டிய அறை. தை மாதத்தில் நடுப்பகலில் வீட்டுக்குள்தான் அதிகக் குளிர். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆரஞ்சும் கடலையுமாக மொட்டை மாடி வெயிலுக்கு ஏறிவிடுவார்கள். தெருமுனையில் காவல்காரர்கள் கிடைத்த மரத்துண்டைப் போட்டு நெருப்பைச் சுற்றி நிற்பார்கள். உள்ளே நின்றவர் பின்வாங்க, வெளியே நின்றவர் முன்னால் வருவார். கனடாவில் பனிக்காலத் தேனீக்கள் பந்தாகத் திரண்டு செய்வதும் அதுவே: விளிம்பில் இருப்பது உள்ளே போகும், உள்ளே இருப்பது விளிம்புக்கு வரும். டொரொண்டோவில் வாடகை வீட்டில் குளிர்காலம் முழுக்கக் குறைந்தது 21 டிகிரி வெப்பம் இருக்க வேண்டும் என்று நகரச் சட்டமே சொல்கிறது. மைனஸ் 15-இல் தம்பி அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து பேசியதும், 5 டிகிரியில் நான் இரண்டு ரஜாய்ப் போர்வைக்குள் நடுங்கியதும் அப்போது எனக்கு விளங்கின. குளிர் எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். அதற்குக் கூடு தயாராக இருந்ததா என்பது மீதி.

மார்கழி கடக்கும்போது ரப்பர் மரங்கள் இலையை மொத்தமாக உதிர்க்கும். அமேசான் காட்டிலிருந்து வந்த மரம். எங்கள் ஊரில் பனிக்காலத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அது ஒன்றுதான். தோட்டம் முழுக்கச் சருகு, மேலே வெறும் கிளை. பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று இலைகள் காம்போடு சேரும் இடத்தில் இருக்கிற சுரப்பிகளில், இலை இளசாக இருக்கும்வரை ஊறும். மூடுபனி அதிகமானால் தளிரில் சாம்பல் நோய் விழுந்து இலை கொட்டிவிடும், தேனும் போகும். தப்பினால் மாசி, பங்குனியில் தேன் சேரும் மேல்பெட்டி நிறையும். அதற்குள் கூட்டம் பெருகியிருக்க வேண்டும். மார்கழியில் புழுவைக் காப்பாற்றியவனுக்குத்தான் மாசியில் தேன்.

போன மார்கழியில் ஒரு காலை தம்பி கூப்பிட்டான். “மைனஸ் 18, அக்கா.” வழக்கமாக நான் டெல்லிக் கதையை எடுப்பேன். அன்று என் வாயிலிருந்து வேறு கேள்விகள் வந்தன. “ரூமு பெருசாடா? சாப்பாட்டுச் சாமான் எல்லாம் வாங்கி வச்சிருக்கியா? கூட யாரு இருக்கா?”

அதற்கு முந்தைய வருடம் அவன் ஒரு நிலவறையில் தனியாகத்தான் இருந்தானாம். அதுவரை எங்களிடம் அதைச் சொன்னதே இல்லை. “இப்ப நாலு பேரா இருக்கோம் அக்கா. முறை வச்சுச் சமைக்கோம்” என்றான்.

மனம் லேசாகியது. போனை வைத்துவிட்டுப் பெட்டிகளிடம் போனேன். முதல் நாள் சில்லென்று இருந்த அந்த முதல் பெட்டி இப்போது ஐந்து அடையோடு, தடுப்புப் பலகை வைத்துச் சுருக்கி இருக்கிறது. திறக்கும் நேரம் ஆகவில்லை. மேல்மூடியை மட்டும் மெதுவாக எடுத்துச் சாக்கின் மேல் புறங்கையை வைத்தேன். தெரிந்தது. மாமா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் அசைத்தேன்.