பதினாறு நாள் ஆதரவு

எங்கள் வீட்டில் கால்பந்து பார்க்கிற ஆசாமி நான் ஒருவன்தான். அதுவும் எப்படி? ஊர் உறங்கின பிறகு, டெலிவிஷனின் குரலை முக்கால்வாசி அடக்கிவிட்டு, கோல் விழுந்தால் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு! 2016-ம் வருஷம் மே மாதம் ஒரு ராத்திரி, மணி இரண்டரை இருக்கும், துண்டையும் மீறிச் சத்தம் வந்துவிட்டது. உள்ளேயிருந்து அத்தை எழுந்து வந்தாள்.

"என்னடா, திருடனா?"

"இல்லை அத்தை, லெஸ்டர் ஜெயித்துவிட்டது!"

அத்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். "இந்த இரண்டு கட்சியில் எது லெஸ்டர்?"

இரண்டுமே இல்லை. ஆடிக்கொண்டிருந்தவை செல்ஸியும் டாட்டன்ஹாமும். டாட்டன்ஹாம் ஜெயித்திருந்தால் லெஸ்டர் இன்னும் காத்திருக்க வேண்டும். ஆட்டம் 2-2 என்று முடிந்ததால், ஆடாமலே இங்கிலாந்தின் சாம்பியன் ஆகிவிட்டது லெஸ்டர். இதை விளக்குவதற்குள் அத்தைக்குக் கொட்டாவி வந்துவிட்டது. போகிற போக்கில், "அந்த லெஸ்டரின் மானேஜர் கிளாடியோ ரானியேரி இன்று பகலில் இத்தாலியில் இருந்தாராம். 96 வயசுத் தாயாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்காகப் போனாராம்" என்றேன். கொட்டாவி நின்றது. அந்தக் கணம் முதல் ரானியேரி எங்கள் அத்தையின் கட்சி.

மானேஜர் என்றதும் கணக்குப் புத்தகமும் மூக்குக் கண்ணாடியும் வைத்துக்கொண்டிருப்பவர் என்று எண்ணிவிடாதீர்கள். கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் மாதிரி அவர். எந்த ஆளை எந்த அடுப்பில் நிறுத்துவது, யாரைக் காய் நறுக்க அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. பாயசம் தீய்ந்தால் அவர் தலை உருளும்.

இங்கிலாந்தின் முதல் தரப் போட்டியில் இருபது கிளப்புகள். ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டம். கடைசி மூன்று கிளப்புகளைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். 2014-15-ல் லெஸ்டர் அப்படித் தள்ளப்படாமல் தப்பியதே பெரிய பாடு. பிறகுதான் ரானியேரி வந்தார். அவர் அப்போது பவிஷாக வந்தவரும் அல்ல. கிரேக்க தேசத்து அணியை நடத்தியபோது, ஐம்பதினாயிரம் ஜனங்களே உள்ள பரோ தீவுகளிடம் தோற்று உத்தியோகத்தை இழந்தவர். லெஸ்டர் சாம்பியன் ஆகும் என்று ஒரு பவுன் பந்தயம் கட்டினால் ஐயாயிரம் பவுன் தருகிறோம் என்றார்கள் பந்தயக்காரர்கள். ரானியேரி கேட்டதோ 40 பாயிண்டு; அவ்வளவு இருந்தால் கீழே போகாமல் பிழைத்துக்கொள்ளலாம். கோலே வாங்காமல் ஓர் ஆட்டம் முடித்தால் பிட்ஸா வாங்கித் தருகிறேன் என்று பையன்களிடம் சொன்னார். முடித்தார்கள். கடைக்கு அழைத்துப் போய், "நீங்களே மாவைத் தட்டிச் செய்துகொள்ளுங்கள்" என்றார். (இதைக் கேட்டு அத்தை, "பலே!" என்றாள்.) வருஷக் கடைசியில் 81 பாயிண்டு! இரண்டாவதாக வந்த ஆர்ஸனலுக்கும் லெஸ்டருக்கும் பத்துப் பாயிண்டு தூரம்.

ஒன்பதே மாதம். 2017 பிப்ரவரி 23-ம் தேதி அவர் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை காப்பி வேளையில் எங்கள் வீட்டில் நடந்த யுத்தத்தை என்னவென்று சொல்வது! "தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின கூட்டம்தானேடா அது? நன்றி வேண்டாமா?" என்று அத்தை பொரிந்தாள். நான் பத்திரிகைக்காரன், புள்ளிவிவரத்தை எடுத்து வீசினேன். நடு மைதானத்தின் உயிர்நாடியான கான்டேயை செல்ஸிக்கு விற்றுவிட்டார்கள், உண்மை. ஆனால் அதன் பிறகு? தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களில் தோல்வி. 2017 பிறந்து ஒரு லீக் கோல்கூடப் போடவில்லை. இடம் பதினேழாவது, பள்ளத்துக்கும் அவர்களுக்கும் ஒரே பாயிண்டு. சாம்பியனாக இருந்து மறு வருஷமே கீழே விழுந்த கிளப் இங்கிலாந்தில் ஒன்றே ஒன்று, 1938-ல் மான்செஸ்டர் ஸிடி. விழுந்தால் டெலிவிஷன் பணம் போகும், நல்ல ஆட்டக்காரர்கள் போவார்கள், ஆபீஸில் கணக்கெழுதுகிறவர் வேலைகூடப் போகும். ஒரு மனிதருக்குக் காட்டுகிற நன்றிக்காக இத்தனை பேர் முழுக வேண்டுமா என்று கேட்டேன்.

நடந்ததும் என் கட்சிக்குச் சாதகமாகவே நடந்தது. உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் (நாடகம் எழுதுகிறவர் அல்ல) பொறுப்பேற்று, முதல் ஆட்டத்திலேயே லிவர்பூலை 3-1 என்று வீழ்த்தினார். வரிசையாக ஐந்து லீக் வெற்றி. ஐரோப்பியப் போட்டியில் கால் இறுதி வரை வந்தார்கள். லீகில் பன்னிரண்டாவது இடம். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். அவள் பாங்கியில் வேலை பார்க்கிறவள். அதிகம் பேச மாட்டாள். "ரானியேரி வந்த அன்று, 'இந்த வருஷம் பதினேழாவது இடம், பிழைத்தோம், போதும்' என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் கைகுலுக்கியிருப்பார்கள் இல்லையா?" என்று கேட்டாள்.

"இருப்பார்கள்."

"அப்படியானால் அதே பதினேழாவது இடம் இப்போது எப்படிக் குற்றமாயிற்று? அவர் நடுவில் ஒரு வருஷம் ஜெயித்துத் தொலைத்ததாலா?"

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. சவுதாம்ப்டன் கிளப்பின் கதை வேறு நினைவுக்கு வந்து தொல்லை செய்தது. நைஜல் ஆட்கின்ஸ் என்பவர், முன்பு ஆட்டக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடும் பிஸியோதெரபிஸ்டாக இருந்தவர், மூன்றாம் பிரிவில் கிடந்த அந்தக் கிளப்பை அடுத்தடுத்து இரண்டே வருஷத்தில் முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டார். 2013 ஜனவரியில் பதினைந்தாவது இடம். கடைசிப் பன்னிரண்டு ஆட்டத்தில் இரண்டே தோல்வி. செல்ஸி மைதானத்தில் இரண்டு கோல் வாங்கியும் திருப்பிப் போட்டுச் சமன் செய்துவிட்டு வந்த இரண்டாம் நாள் அவரை அனுப்பிவிட்டார்கள்! இங்கே முழுகுகிற கப்பல் எது? இன்னும் நல்ல ஆள் கிடைத்துவிட்டார், அவ்வளவுதான். அந்த நல்ல ஆளான பொசெட்டினோ மறு ஸீஸனில் எட்டாவது இடம் வாங்கிக் கொடுத்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. வாங்கிக் கொடுத்தார், அந்தக் கையோடு டாட்டன்ஹாமுக்குப் போயும்விட்டார்.

லெஸ்டர் அவரை மாற்றியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். சவுதாம்ப்டன் ஸீஸன் முடியும் வரை பொறுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் லெஸ்டர் விஷயத்தில் என்னை உறுத்துவது பிப்ரவரி 23 அல்ல, பிப்ரவரி 7. அன்றுதான் அந்தக் கிளப், ரானியேரிக்கு எங்கள் அசைக்க முடியாத ஆதரவு உண்டு என்று அறிக்கை விட்டது. பதினாறே நாள்!

அதிபர் விச்சை ஸ்ரீவத்தனபிரபா கல் நெஞ்சர் அல்ல. குழந்தைகள் மருத்துவமனைக்கு வாரிக் கொடுத்தவர். 2018-ல் மைதானத்தின் அருகிலேயே ஹெலிகாப்டர் விழுந்து அவர் இறந்தபோது ஊரே அழுதது. அப்படிப்பட்டவரின் கிளப்பா அந்த வார்த்தையைச் சொன்னது?

எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தல் என்றால், காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் நான் வேறோர் இடத்தில் வேலையாக இருந்தேன். ஆள் குறைப்பு என்று வதந்தி. மேலதிகாரி முதுகில் தட்டி, "உமக்கென்ன ஐயா பயம்? நீர் இல்லாமல் இந்த இடம் நடக்குமா?" என்றார். அந்த வார்த்தையை நம்பித் தவணையில் ஒரு பிரிட்ஜ் வாங்கினோம். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. அவர்களிடம் பணம் இல்லை. என்னை அனுப்பியது நியாயமாகவே இருக்கலாம். முதுகில் தட்டாமல் இருந்திருந்தால் பிரிட்ஜ் வாங்கியிருக்க மாட்டோம். மாதா மாதம் தவணைக்காரர் வந்த நாட்களை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

லெஸ்டரைக் காப்பாற்றின ஷேக்ஸ்பியரை அதே 2017 அக்டோபரில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது உபகதை. ரானியேரியோ ஊர் ஊராகச் சுற்றி, 71 வயசில் சார்டினியாத் தீவின் காலியாரி கிளப்பை மேல் பிரிவுக்கு ஏற்றினார். 2024 தொடக்கத்தில் அங்கேயும் தோல்வி மேல் தோல்வி. இந்தத் தடவை அவரே முந்திக்கொண்டு, "நான் போய்விடுகிறேன், வேறு ஆளைப் பாருங்கள்" என்றார். ஆட்டக்காரர்கள் விடவில்லை. ஸீஸன் முடிவில் காலியாரி கீழே விழாமல் பிழைத்தது. அதன் பிறகே அவர் விடைபெற்றார்.

இதை அத்தையிடம் சொன்னேன். சற்று யோசித்தாள்.

"அந்தப் பையன்களுக்கும் பிட்ஸா தட்டச் சொல்லிக் கொடுத்திருப்பார்டா" என்றாள்.